மான் ஜெயித்ததா?

போன வருஷம் தை மாதம் அக்கா வீட்டுக்காரர் தவறிப்போனார். காலையில் பேப்பர் படித்துக்கொண்டே, காபியில் சர்க்கரை கம்மி என்று குறை சொன்ன மனிதர், மதியம் இல்லை. இதற்கு மேல் அத்தானைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் வேறு திசைக்குப் போய்விடும். நான் சொல்ல வந்தது ஒன்பதாம் நாள் ராத்திரி நடந்த கதை.

வீடு கொள்ளாமல் உறவுக்காரர்கள். ஹாலில் பாய் விரித்து ஆளாளுக்குப் படுத்திருக்கிறார்கள். மணி பன்னிரண்டு இருக்கும். உள் ரூமிலிருந்து ஒரு சத்தம். அழுகை என்றுதான் முதலில் நினைத்தேன். போய்ப் பார்த்தால் சிரிப்பு! தலையணையில் வாயை அழுத்திக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க, அக்கா பையன் சிரித்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயசு. கொள்ளி வைத்தவன். அப்பா போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கேட்டதற்கு ‘ம்’ தவிர பதில் இல்லை.

“டேய், என்னடா இது? ஹால்ல பெரியப்பா படுத்திருக்கார். காதுல விழுந்தா என்ன நினைப்பாங்க?”

பதில் சொல்லாமல் செல்போனை என் பக்கம் திருப்பினான். ஜப்பான் கார்ட்டூன். ஒரு ஸ்கூல் மைதானம். கோட்டு சூட்டு போட்ட வயசான ஹெட்மாஸ்டர் ஒருவர் ஒரு மானோடு கட்டிப் புரண்டு மல்யுத்தம் செய்துகொண்டிருக்கிறார். மாணவி ஒருத்தி ஜன்னல் வழியே அதை வெறித்துப் பார்க்கிறாள்.

“எதுக்குடா மானோட சண்டை போடறார்?”

“தெரியாது மாமா.”

“மான் எங்கேருந்து வந்துச்சு?”

“தெரியாது.”

“அப்புறம் என்னத்துக்குடா சிரிக்கிறே?”

“அதுக்குத்தான் மாமா.”

அணைத்துவிட்டுப் படு என்று அதட்டினேன். அணைத்துவிட்டான். பிரச்னை என்னவென்றால், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் பி.காம். பற்று என்று ஒன்று எழுதினால் எதிரே வரவு என்று ஒன்று இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி தூங்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்து வளர்க்கப்பட்ட ஜாதி. சிரிப்புக்கு ஒரு காரணம் வேண்டாமா? அதுவும் சாவு வீட்டில்? காரணமே இல்லாத சிரிப்பு சரியா, தப்பா? இந்த ஒரு கேள்விக்காக நாற்பத்தேழு வயசில் உட்கார்ந்து, அந்த மருமகனையே வாத்தியாராக வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் ஜப்பான் கார்ட்டூன் பார்த்தேன். வீட்டில் என்ன பேச்சு வாங்கினேன் என்பது தனிக் கட்டுரை.

ஜப்பானில் நாலு கட்டத்தில் முடிகிற காமிக்ஸுக்கு நீண்ட பரம்பரை உண்டு. ‘யோன்கோமா’ என்பார்கள். கட்டங்கள் செங்குத்தாக ஒன்றன்கீழ் ஒன்று. முதல் கட்டத்தில் விஷயம் தொடங்கும், இரண்டாவதில் வளரும், மூன்றாவதில் திரும்பும், நாலாவதில் முடியும். பழைய சீனக் கவிதையிலிருந்து வந்த இலக்கணம். 1946-ல் ஹசெகாவா மாச்சிகோ என்ற பெண்மணி ஒரு பத்திரிகையில் ‘சசாஎ-சான்’ என்ற குடும்பத் தலைவியின் கதையை இப்படித்தான் வரைய ஆரம்பித்தார். 1969-ல் அது டி.வி.க்குப் போனது. இன்றைக்கும் ஞாயிறு சாயங்காலம் ஓடுகிறது. அந்தத் தொடர் முடிந்தால் நாளைக்கு ஆபீஸ் என்று வயிற்றைக் கலக்குவதற்கு அங்கே ‘சசாஎ-சான் வியாதி’ என்றே பெயர்.

இந்த ஒழுங்கான வீட்டுக்குள் 1989-ல் ஒருவர் கல்லெறிந்தார். யோஷிதா சென்ஷா. ‘உட்சுருன்தெசு’ என்ற தொடரில் நாலாவது கட்டத்தில் முடிவு வராது. நீர்நாய் ஒன்று வரும், ஏதோ சொல்லும், போகும். அவ்வளவுதான். அதைப் புத்தகமாகப் போட்டபோது வடிவமைத்த சொபுயே ஷின், அச்சுப் பிழைகளை வேண்டுமென்றே அள்ளித் தெளித்தார். வாங்கியவர்கள் பைண்டிங் கோளாறு என்று நினைக்க வேண்டுமாம். புத்தகம் அமோகமாக விற்றது. இந்த வகைக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் ‘ஃபுஜோரி’ மங்கா. ஆல்பர்ட் காம்யு என்ற பிரெஞ்சு எழுத்தாளர், மனிதன் காரணம் கேட்கிறான், உலகம் பதில் சொல்லாமல் நிற்கிறது என்று 1942-ல் எழுதினாரே, அந்த அபத்தத்துக்கு ஜப்பானிய மொழியில் என்ன வார்த்தையோ, அதே வார்த்தை. காபி ஷாப் தத்துவத்தையும் நீர்நாய் ஜோக்கையும் ஒரே சொல்லால் குறிப்பிடுகிற துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

என் தொழில் புத்தி சும்மா இருக்காது. அதே 1989 டிசம்பர் 29-ம் தேதிதான் டோக்கியோ பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீட்டெண் 38,915-ஐத் தொட்டது. பிறகு சரிந்தது. அந்த உயரத்தை மறுபடி எட்டிப் பிடிக்க 2024 பிப்ரவரி ஆயிற்று. முப்பத்து நான்கு வருஷம்! நாலாவது கட்டத்தில் முடிவு வராது என்பதை நீர்நாய் முன்கூட்டியே சொல்லிவிட்டதா என்று கேட்காதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் சொல்லவில்லை. தேதி ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு சமாசாரமும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானின் மேடை நகைச்சுவைக்கு ‘மன்சாய்’ என்று பெயர். இரண்டு பேர். ஒருத்தர் உளறுவார், மற்றவர் ‘என்னய்யா பேசறே?’ என்று தலையில் தட்டுவார். உளறுகிறவர் ‘பொகே’, தட்டுகிறவர் ‘ட்சுக்கோமி’. அதே 1989-ல் நம்ம ஊரில் ‘கரகாட்டக்காரன்’ பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தட்டுகிறவர் பார்வையாளனின் பிரதிநிதி. ‘இது பைத்தியக்காரத்தனம்தான், உனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை’ என்று நமக்கு உறுதி சொல்கிறவர். இப்போது அந்த மனிதரை மேடையிலிருந்து இறக்கிவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் என் மருமகன் பார்க்கிற சரக்கு.

‘குரோமார்ட்டி ஹைஸ்கூல்’ என்று ஒன்று. நொனாகா எய்ஜியின் மங்கா. 2003-ல் டி.வி.க்கு வந்தது, ஒவ்வொரு பகுதியும் பன்னிரண்டு நிமிஷம் போல. ஊரிலுள்ள பொறுக்கிகள் எல்லாம் படிக்கிற பள்ளிக்கூடம். அதில் மெக்காஸாவா என்று ஒரு மாணவன். பார்த்த மாத்திரத்தில் தெரியும், அவன் ஒரு இரும்பு டிரம் மாதிரியான ரோபோ. அவனுக்கு அது தெரியாது. மற்றவர்களும் கண்டுகொள்வதில்லை. இரண்டொருத்தருக்கு மட்டும் சந்தேகம் வருகிறது, ஆனால் ஒருத்தன் முகத்துக்கு நேரே அதை எப்படிக் கேட்பது? நாகரிகம் இடம் கொடுக்கவில்லை. வகுப்பில் ஒரு கொரில்லாவும் இருக்கிறது. ஃப்ரெடி மெர்க்குரி மாதிரி மீசை வைத்த ஒருவரும் இருக்கிறார். வாயைத் திறப்பதே இல்லை.

‘டீக்யூ’ இன்னும் மோசம். டென்னிஸ் கிளப் பெண்கள் நாலு பேர், டென்னிஸ் மட்டும் ஆட மாட்டார்கள். ஒரு பகுதி இரண்டே நிமிஷம். சாதாரண ஆள் பத்து நிமிஷத்தில் பேசுவதை அதற்குள் கொட்டிவிடுகிறார்கள். 2012-லிருந்து 2017 வரை ஒன்பது சீசன், சீசனுக்குப் பன்னிரண்டு. கூட்டிப் பார்த்தேன். மொத்தமே மூன்றரை மணி நேரம் சொச்சம்தான். நம்ம ஊர்ப் பழைய படம் ஒன்று.

2018-ல் வந்த ‘பாப் டீம் எபிக்’ பார்த்தபோது டி.வி. ரிப்பேர் என்றே நினைத்துவிட்டேன். முதல் கால் மணி நேரம் ஓடிய அதே நிகழ்ச்சி, அரை மணியை நிரப்ப, அப்படியே இன்னொரு தடவை ஓடுகிறது. பெண் குரல்களுக்குப் பதில் ஆண் குரல்கள். அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் திடீரென்று ஒரு துண்டு பிரெஞ்சு மொழியில் வருகிறது, ஜப்பான்காரர்களுக்கு சப்டைட்டில் போட்டு! மூல மங்காவில் தங்களைப் பதிப்பித்த கம்பெனியின் கட்டடத்தையே நாயகி இடித்துத் தள்ளுகிறாள். நம்ம பக்கம் இதைச் செய்தால் அடுத்த வாரம் பக்கம் இருக்காது. (ஆசிரியர் கவனிக்க: இது உதாரணம் மட்டுமே.)

வெளிநாடுகளில் இதற்கெல்லாம் பெரிய சந்தை கிடையாது. ஜப்பான் அனிமேஷன் என்றால் உலகம் அள்ளிக்கொண்டு போவது ‘டிராகன் பால்’, ‘நாருடோ’, ‘டீமன் ஸ்லேயர்’ மாதிரி வாள் வீச்சும் வீரமும்தான். இரண்டு நிமிஷ நிகழ்ச்சிக்கு எந்த நாட்டு டி.வி.யில் நேரம் ஒதுக்குவார்கள்? வசன ஜோக்குகளை மொழிபெயர்த்தால் செத்துப்போகும். ‘டீக்யூ’ சப்டைட்டிலைப் படிக்க நாலு இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. ஜப்பானியப் பழைய விளம்பரத்தைக் கிண்டலடித்தால் சாவ் பாவ்லோவில் இருக்கிறவருக்கு என்ன புரியும்?

ஆனாலும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சின்னக் கூட்டம் இதற்கு உயிரை விடுகிறது. ஏன் என்று யோசித்ததில் எனக்குத் தோன்றியது இது. நையாண்டிக்கு ஊர் தெரிந்திருக்க வேண்டும். எந்த மந்திரி, எந்த நடிகர் என்று தெரியாதவன் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ஹெட்மாஸ்டர் ஏன் மானோடு சண்டை போடுகிறார் என்பது டோக்கியோக்காரருக்கும் தெரியாது, டெக்ஸாஸ்காரருக்கும் தெரியாது, தாம்பரத்தில் இருக்கிற என் மருமகனுக்கும் தெரியாது. அபத்தத்தில் உள்ளூர்க்காரன் என்று யாரும் கிடையாது. எல்லாரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கிய வெளியூர்க்காரர்கள்.

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். சிரிப்பைப் பற்றி எழுதிய பெரிய மனிதர்கள் பெரும்பாலும் அதை நல்லவிதமாகச் சொல்லவில்லை. தாமஸ் ஹாப்ஸுக்கு அது அடுத்தவன் சறுக்கும்போது ‘நான் மேல்’ என்று நமக்குள் திடீரென்று பொங்குகிற பெருமை. ஹென்ரி பெர்க்சன் 1900-ல் சிரிப்புக்கென்றே ஒரு புத்தகம் போட்டார். சிரிக்க வேண்டுமானால் அந்த நேரத்துக்கு இதயம் மரத்துப்போயிருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இரக்கம் வந்தால் சிரிப்பு போய்விடும்.

நாம் தினமும் சிரிக்கிற சிரிப்பை யோசித்தால் இரண்டு பேரும் சொன்னது சரிதான். கறுப்பு, குண்டு, திக்குவாய், வழுக்கை என்று யாரோ ஒருத்தர் விலை கொடுத்திருக்கிறார். ஆனால் மானோடு சண்டை போடும் ஹெட்மாஸ்டரில் யார் மேல், யார் கீழ்? யாரை மட்டம் தட்டுகிறோம்? மானையா? காரணம் இல்லாத சிரிப்புதான் பலி இல்லாத சிரிப்பு என்று ஒரு முடிவுக்கு வந்து, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தேன்.

அதிலும் ஓட்டை. ‘குரோமார்ட்டி’ என்பது நிஜ மனிதர் பெயர். வாரன் குரோமார்ட்டி, அமெரிக்க பேஸ்பால் வீரர். 1984-லிருந்து 1990 வரை ஜப்பானில் யொமியுரி ஜயன்ட்ஸ் அணிக்கு ஆடியவர். பொறுக்கிகள் படிக்கிற பள்ளிக்கு ஒரு வெளிநாட்டு ஆட்டக்காரர் பெயர் வைப்பது, ஒரு காரணமும் இல்லாத ஜோக். 2005-ல் அது சினிமாவாக வந்தபோது அவர் ஆட்சேபித்தார், வெளியாகாமல் தடுக்கச் சட்டப்படி முயன்றார். படம் வெளிவந்தது. யாரையும் குறி வைக்காமல் எறிந்த கல்லும் யார் மேலாவது விழத்தான் செய்கிறது. அந்த மனிதர் கோபத்தை ‘ஜோக்கைப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை’ என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. புரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை என்பதுதானே அவர் கஷ்டமே?

இப்போது அந்த மான். அது வருகிற தொடரின் பெயர் ‘நிச்சிஜோ’. அன்றாடம் என்று அர்த்தம். அராவி கெய்ச்சியின் மங்கா. கியோட்டோ அனிமேஷன் என்ற ஸ்டூடியோ 2011-ல் இருபத்தாறு பகுதிகளாக எடுத்தது. சில வினாடித் துண்டிலிருந்து சில நிமிஷத் துண்டு வரை கோத்த மாலை. முதுகில் சாவி வைத்த நானோ என்று ஒரு ரோபோ பெண். அந்தச் சாவி வெளியே தெரியக் கூடாது என்று தவிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்தே இருக்கிறது. யாரும் பொருட்படுத்தவில்லை. டிபன் பாக்ஸிலிருந்து தவறி விழுகிற ஒரு துண்டு சாஸேஜைப் பிடிக்க ஒரு பெண் பாய்கிறாள். அதை உலகப் போர் மாதிரி வரைந்திருக்கிறார்கள்.

அந்தத் துறையில் பல இடங்களில் படத்துக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கூலி. இந்த ஸ்டூடியோ ஆட்களை மாதச் சம்பளத்தில் வைத்து, தானே பயிற்சி கொடுத்து வளர்ப்பதற்குப் பெயர் போனது. அந்த உழைப்பு முழுவதையும் ஒரு அர்த்தமும் இல்லாத மான் சண்டையில் கொட்டினார்கள். பலன்? அன்றைக்கு முக்கியமான வரவு டிஸ்க் விற்பனை. ஜப்பானில் அது போணியாகவில்லை. அமெரிக்காவில் டிஸ்க் போடுவதாக இருந்த பண்டாய் நிறுவனத்தின் அமெரிக்கப் பிரிவு 2012 ஆரம்பத்தில் புது வெளியீடுகளையே நிறுத்திக்கொண்டது. வேறு நிறுவனம் எடுத்துப் போட 2017 ஆகிவிட்டது. அதற்குள் அந்த மான் சண்டை துண்டு துண்டாக ஊர் ஊராகச் சுற்றிவிட்டது. எந்தத் தொடர், யார் வரைந்தது என்று தெரியாமலே சிரித்தவர்கள்தான் அதிகம். பைசா வரவில்லை. ஒரு ஆடிட்டரிடம் கொடுத்தால் வராக் கடன் என்று எழுதித் தள்ளிவிடுவார்.

2019 ஜூலை 18. கியோட்டோவில் அந்த ஸ்டூடியோவின் கட்டடத்துக்குள் ஒருவன் பெட்ரோலோடு நுழைந்து கொளுத்தினான். முப்பத்தாறு பேர் இறந்தார்கள். ‘நிச்சிஜோ’வின் பாத்திரங்களைத் திரைக்கு வடிவமைத்த நிஷியா ஃபுதோஷியும் அதில் ஒருவர். அந்த ஜன்னல் பெண்ணின் திகைத்த முகம் அவர் வடிவமைத்தது.

தன் கதையைத் திருடிவிட்டார்கள் என்று கொளுத்தியவன் சொன்னான். பிரமை. 2024 ஜனவரியில் கியோட்டோ கோர்ட் மரண தண்டனை விதித்தது. இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. அவனிடம் காரணம் இருந்தது! அவன் அளவில் பற்றும் வரவும் சரியாக இருந்தது. காரணமே இல்லாத ஒன்றை மாதக்கணக்கில் பொறுமையாக வரைந்தவர்களை, கையில் காரணம் வைத்திருந்தவன் எரித்தான். இப்படிப்பட்ட சாவைச் சொல்லவும் ஜப்பானியர்கள் ஃபுஜோரி என்ற வார்த்தையைத்தான் பயன்படுத்துகிறார்கள். நீர்நாய்க்கு வைத்த அதே வார்த்தை.

உலகம் முழுக்கவிருந்து பணம் வந்தது. மொத்தம் 300 கோடி யென்னுக்கு மேல். அமெரிக்காவில் ஒரு விநியோக நிறுவனம் திரட்டியது மட்டும் 20 லட்சம் டாலரைத் தாண்டியது. அனுப்பியவர்களில் எத்தனை பேர் மானைப் பார்த்துச் சிரித்தவர்கள் என்று யாரும் கணக்கு எடுத்திருக்க முடியாது. எடுக்கவும் வேண்டாம்.

இதை எல்லாம் படித்த பிறகுதான் மருமகனிடம் கேட்டேன். “அன்னிக்கு ராத்திரி... இதை வரைஞ்சவங்க செத்துப்போனது உனக்குத் தெரியுமா?”

“தெரியும் மாமா. தெரிஞ்சுதான் பார்த்தேன்.”

கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். “ஒன்பது நாளா வந்தவங்க எல்லாரும் ஒரு காரணம் சொன்னாங்க. சுகரைக் கவனிக்கலை, வாக்கிங் போகலை, அஷ்டமத்துச் சனி, மூணு மாசம் முன்னாடியே செக்கப் பண்ணியிருக்கலாம், கொடுத்து வெச்சது அவ்வளவுதான். நீங்களும் சொன்னீங்க. அம்மா ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டிட்டே இருந்தாங்க. அந்த மான் மட்டும்தான் ஒண்ணும் சொல்லலை.”

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் வந்தது. மூன்று மாசம் முன்பே செக்கப் செய்திருக்கலாம் என்றது நான்தான். அக்காவிடம். ஆறுதலாக நினைத்துக்கொண்டு.

பெர்க்சனுக்கு அன்று ராத்திரி பதில் சொல்லியிருக்கலாம். கேலிச் சிரிப்புக்கு அவர் சொன்னது பொருந்தும், அன்றைக்கு மரத்துப்போயிருந்தது அந்தப் பையன் இல்லை, வந்து வரிசையாகக் காரணம் சொன்ன நாங்கள். ஆனால் நான் முழுசாகக் கட்சி மாறிவிட்டதாகவும் எண்ண வேண்டாம். அதற்குப் பிறகு இரண்டு மாசம் அவன் காலேஜ் பக்கமே ஒழுங்காகப் போகவில்லை. விடிய விடிய இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். பொருமித் தீர்த்தேன். மருந்தும் போதையும் ஒரே பாட்டிலில் வந்தால் லேபிளைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? ராப்பகலாகச் செதுக்கிய மான் சண்டைக்கு ஒரு மரியாதை உண்டு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவன் உடனே ‘இன்ஃபெர்னோ காப்’ என்று ஒன்றைக் காட்டினான். அட்டையை வெட்டி ஆட்டுவது மாதிரி, செலவே இல்லாமல் எடுத்த மூன்று நிமிஷக் கந்தல். அதற்கும் சிரித்துத் தொலைத்தேன். அந்த வாதமும் போச்சு.

2025-ல் அதே ஸ்டூடியோ, அதே அராவி கெய்ச்சியின் இன்னொரு மங்காவை ‘சிட்டி’ என்ற பெயரில் எடுத்தது. மறுபடியும் தலைகால் புரியாத கூத்து, மறுபடியும் இழைத்து இழைத்து வரைந்திருக்கிறார்கள். போன மாதம் அக்கா வீட்டில் மருமகனும் நானும் டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா கிச்சனில் இருந்தாள். அரியரை ஒருவழியாக முடித்துவிட்டான் என்பதால் எங்கள் இரண்டு பேருக்கும் அன்று திட்டு இல்லை.

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். “இதென்ன, அன்னிக்கு ராத்திரி பார்த்தீங்களே, அதுவா?”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தோம். அன்றைக்கு அவள் தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தோம்.

“இல்லம்மா. இது வேற.”

“அப்படியா” என்று இரண்டடி போனவள் நின்றாள். “அந்த மான் ஜெயிச்சுதாடா?”

மருமகன் என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை எடுத்து, அதைத் தேடிப்பிடித்து, முதலிலிருந்து போட்டான். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.